கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்: தமிழ் டைட்டில் பண்ணி நான் பட்ட பாடு

நான் இருக்கிறது பர்மாவுல யாங்கோன் (ரங்கூன்), தாம்வே பக்கம். பத்து வருஷத்துக்கு மேல எடிட்டிங், மோஷன் கிராஃபிக்ஸ்னுதான் பொழப்பு ஓடுது. பெரும்பாலும் பர்மிய கரோக்கே பாட்டு, கல்யாண வீடியோ, கடை விளம்பரம். தமிழ் வேலை வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும், அதுவும் கோயில் திருவிழா வீடியோவுக்கு உபயதாரர் பேர் போடுறதோட சரி. 2024 அக்டோபர்ல முதல் தடவையா ஒரு வெளிநாட்டு தமிழ் வேலை வந்துச்சு. அதுல எனக்கு காசு போச்சு, தூக்கம் போச்சு, நல்ல பேரும் கொஞ்ச நாளைக்கு போச்சு. தமிழ் எழுத்தை திரையில அசைக்கிறதுல இப்படி ஒரு குழி இருக்குன்னு யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன். அதான் உட்கார்ந்து எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

வேலை குடுத்தது மலேசியால ஒரு சின்ன குழு, பேர் வேணாம். ஒரு சாப்பாட்டுக் கடை குடும்பத்தைப் பத்தி ஏழு எபிசோட் வெப் சீரிஸ், தீபாவளிக்கு முதல் எபிசோட் வெளியாகணும். எனக்கு 50 செகண்டுல ஒரு டைட்டில், அது கூடவே நடிகர்கள், டெக்னீஷியன்கள் எல்லாம் சேர்த்து 64 பேர் கார்டு, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். மொத்தம் 900 டாலர், 270 அட்வான்ஸ், மீதி முடிச்சதும். 20 நாள் டைம். எங்க ஊர்ல வெளி மார்க்கெட்டுல அப்ப டாலர் நாலாயிரத்து சொச்சம் சாட் (பர்மா காசு) போயிட்டு இருந்துச்சு, பேங்க் ரேட் 2100தான், அதனால அட்வான்ஸ் உண்டியல் (பேங்க் இல்லாம ஆள் மூலமா பணம் அனுப்புறது) வழியா சொந்தக்காரர் ஒருத்தர் மூலமாத்தான் கைக்கு வந்துச்சு. 900 டாலர்ங்கிறது எங்களுக்கு சின்ன காசு இல்ல. எழுத்துல என்ன போட்டிருக்குன்னு கூட சரியா கேக்காம ஒத்துக்கிட்டேன்.

ஐடியா எங்க பெரியம்மாகிட்ட இருந்து வந்துச்சு. அவங்க இன்னமும் தினம் காலையில வாசல்ல புள்ளி வச்சு கோலம் போடுவாங்க, குனிஞ்சு விரலை லேசா தேய்ச்சா மாவு ஒரே அளவா பொட்டு பொட்டா விழும். அதை மேல இருந்து போன்ல எடுத்துப் பார்த்தப்பதான் தோணுச்சு, கோலப்புள்ளியும் புள்ளிதான், ‘ம்’ தலையில இருக்கிறதும் புள்ளிதான். மாவுப் புள்ளிகள் மேல இருந்து விழணும், கம்பிக்கோடு அதை சுத்தி வளைஞ்சு எழுத்தாகணும், கடைசியா விழுற புள்ளி மெய்யெழுத்தோட தலையில போய் உட்காரணும். பேர் கார்டு ஒவ்வொண்ணுலயும் இதேதான், சின்னதா. மலேசியா குழுவுக்கும் ரொம்ப பிடிச்சுப் போச்சு. எனக்கு இதுவரைக்கும் இப்படி ஒரு வேலை அமைஞ்சதே இல்ல, அவ்ளோ ஆசையா ஆரம்பிச்சேன்.

முதல் ராத்திரியே இடிச்சுது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல (எழுத்து, படம் எல்லாம் அசைக்கிற சாஃப்ட்வேர்) யூனிகோட் தமிழ், அதாவது இப்ப போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் இருக்கிற பொது எழுத்து முறை, அடிச்சா ‘கொ’ங்கிற எழுத்து உடைஞ்சு வருது, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி நிக்குது, புள்ளி தலையை விட்டு தள்ளி நிக்குது. ஏன்னு இப்ப தெரியும். யூனிகோட்ல நாம அடிக்கிறது உச்சரிப்பு வரிசை, முதல்ல ‘க’, அப்புறம் ‘ஒ’வோட குறி. அந்தக் குறியை ரெண்டா பிரிச்சு கொம்பை இடது பக்கமும் காலை வலது பக்கமும் கொண்டுபோய் வைக்கிறது சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிற டெக்ஸ்ட் எஞ்சின். இங்கிலீஷுக்கான சாதாரண எஞ்சினுக்கு அந்த வேலை தெரியாது. என் வெர்ஷன்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்ங்கிற எஞ்சினை தேர்ந்தெடுக்கணும், மூடித் திறந்து எழுத்தை புதுசா அடிக்கணும். அவ்ளோதான். அந்த ஒரு செட்டிங் தெரியாததுதான் என் எல்லா கஷ்டத்துக்கும் முதல் படி.

தெரியாததால நான் குறுக்கு வழிக்குப் போனேன். கோயில் வீடியோவுக்கு வழக்கமா எடுக்கிற பாமினி ஃபான்ட்டை எடுத்துக்கிட்டேன். பாமினி பத்தி தெரியாதவங்களுக்கு: அது யூனிகோட் இல்ல, இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் படத்தை உட்கார வச்ச பழைய ஃபான்ட். ‘அம்மா’ன்னு வரணும்னா எம், கே, செமிகோலன், கே, எச்னு அடிக்கணும், அந்த செமிகோலன்தான் புள்ளி. கொம்பை முதல்ல அடிச்சா முதல்லயே நிக்கும், எஞ்சினோட உதவியே வேணாம். திரையில பார்க்க அழகா வரும். ஆனா கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அங்க இருக்கிறது தமிழ் இல்ல, வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா, இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே பர்மியத்துல படிச்சவன். இங்க ஸாஜிங்கிற பழைய பர்மிய ஃபான்ட்டா யூனிகோடான்னு வருஷக்கணக்கா குழப்பம், 2019 அக்டோபர் 1ல இருந்துதான் நாடே யூனிகோடுக்கு மாறுச்சு. நம்ம ஒற்றைக்கொம்பு மாதிரியே பர்மியத்துலயும் எழுத்துக்கு இடது பக்கம் நிக்கிற குறி ஒண்ணு இருக்கு. ஸாஜில அதை முதல்ல அடிப்போம், யூனிகோட்ல எழுத்துக்கு அப்புறம். பழைய கரோக்கே ஃபைலைத் திறந்தா பாட்டு வரி எல்லாம் கலைஞ்சு கிடக்கும், ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து திருத்தியிருக்கேன். அவ்ளோ பட்டும் தமிழ்ல அதே தப்பை செஞ்சேன், காரணம் அவசரம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன். சினிமா டைட்டில்னா எழுத்துக்கு நடுவுல நல்லா இடைவெளி விட்டு வைக்கிறது இப்ப வழக்கம், இங்கிலீஷ்ல அது பார்க்க கம்பீரமா இருக்கும். நானும் தமிழ் பேருக்கு ட்ராக்கிங்கை, அதாவது அந்த எழுத்து இடைவெளியை, ஏத்தினேன். கொம்பு தன்னோட எழுத்தை விட்டு நகர்ந்து முந்தின எழுத்துக்குப் பக்கத்துல போய் நின்னுடுச்சு, ‘ரமேஷ்’ங்கிற பேர்ல ரெட்டைக்கொம்பு ‘ர’வோடதா ‘ம’வோடதான்னு ஒரு நொடி கண்ணு தடுமாறுது. பேர் கார்டு திரையில நிக்கிறதே ரெண்டு செகண்டு, அதுல ஒரு நொடி போயிட்டா பேரை யார் படிப்பாங்க. தமிழுக்கு ட்ராக்கிங்கை தொடாதீங்க. கம்பீரம் வேணும்னா எழுத்தைப் பெருசாக்குங்க, மெல்லிசான வெயிட் (எழுத்தோட தடிமன்) எடுங்க, சுத்தி காலி இடம் விடுங்க. ‘கீ’யோட மேல் சுழிக்கும் ‘னூ’வோட கீழ் வளைவுக்கும் இங்கிலீஷை விட உயரம் அதிகமா வேணும், வரிக்கு வரி இடைவெளியையும் அதுக்குத் தக்க கூட்டுங்க.

கரன்ட் கதையை சொல்லாம விட முடியாது. எங்க தெருவுல அப்ப 4 மணி நேரம் இருக்கும், 4 மணி நேரம் இருக்காது, அந்த 4 மணி நேரமும் சொன்ன நேரத்துக்கு வராது. 50 செகண்டுன்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம் (படம்) கணக்குல 1200 ஃப்ரேம், மாவுத் துகள் எல்லாம் இருந்ததால என் மெஷின்ல ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது முடிஞ்ச படமா வெளிய வர, 9 செகண்டு, மொத்தம் 3 மணி நேரம். முதல் தடவை ஒரே மூவி ஃபைலா ரெண்டர் போட்டேன், ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடினப்ப கரன்ட் போச்சு, பேட்டரி தாங்கல, ஃபைல் திறக்கவே இல்ல. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவைதான் புத்தி வந்து பிஎன்ஜி படங்களா, ஃப்ரேம் ஃப்ரேமா ரெண்டர் போட்டேன். கரன்ட் எங்க போனாலும் அது வரைக்கும் ஆனது கையில இருக்கும், ரெண்டர் செட்டிங்ல இருக்கிற ஃபைலை விட்டுட்டு மீதியை மட்டும் செய்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா விட்ட இடத்துல இருந்து ஓடும். கரன்ட் கஷ்டம் இருக்கிற ஊர்ல இருக்கிறவங்க மூவி ஃபைலா நேரடியா ரெண்டர் போடவே போடாதீங்க.

அக்டோபர் 27 டெலிவரி. டைட்டிலை வீடியோவா குடுத்தேன். பேர் கார்டை மட்டும் ப்ராஜெக்ட் ஃபைலாவே கேட்டாங்க, ‘கடைசி நேரத்துல பேர் மாறும் ப்ரோ, நாங்களே மாத்திக்கிறோம்’னாங்க. சரின்னு குடுத்துட்டேன், ஃபான்ட் ஃபைலையும் தனியா அனுப்பினேன். அதை இன்ஸ்டால் பண்ணிட்டுதான் திறக்கணும், இந்த ஃபான்ட்ல இப்படித்தான் அடிக்கணும்னு ஒரு வரி எழுதி வைக்கல.

31ஆம் தேதி தீபாவளி. காலையில எண்ணெய் தேய்ச்சு குளிச்சு, அனோரட்டா ரோட்டு காளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டு, எல்லாரும் என் போனைச் சுத்தி உட்கார்ந்தோம். டைட்டில் நல்லா ஓடுச்சு, பெரியம்மா ‘நம்ம வாசல்டா’ன்னு சிரிச்சாங்க. அடுத்து பேர் கார்டு. புள்ளிகள் அழகா மேல இருந்து விழுது, வந்து உட்காருது, ஆனா உட்காருற இடத்துல எழுத்தே இல்ல. கீழ இருக்கிற பேர் வேற ஃபான்ட்ல, வேற அகலத்துல, கொம்பெல்லாம் பின்னாடி, மெய்யெழுத்துக்குப் புள்ளி தள்ளி. என் மாவுப் புள்ளி காத்துல தொங்குது. பெரியம்மா போனை கிட்ட கொண்டுபோய் பார்த்துட்டு, ‘என்ன தம்பி, புள்ளி எல்லாம் சிதறிக் கிடக்கு, எழுத்து கால் கை இல்லாம நிக்குது’ன்னாங்க. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல.

நடந்தது என்னன்னு அப்புறம் தெரிஞ்சுது. அவங்க எடிட்டர் ஃபைலைத் திறந்தப்ப ஃபான்ட் இல்லைன்னு எச்சரிக்கை வந்திருக்கு, அவர் வேற தமிழ் ஃபான்ட்டை எடுத்துப் போட்டிருக்கார், 64 பேரும் இங்கிலீஷ் குப்பையா மாறிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா வாட்ஸ்அப்ல வந்த லிஸ்ட்ல இருந்து 64 பேரையும் காப்பி பேஸ்ட் பண்ணியிருக்கார். அவர் மெஷின்லயும் அந்த எஞ்சின் செட்டிங் மாத்தல. அவருக்கு தமிழ் படிக்க வராது, உடைஞ்சிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும். 64ல 29 பேர் கொம்பு இருக்கிற பேர், 29ம் உடைஞ்சு போச்சு. நான் அவர் மேல பழி போட மாட்டேன். மாத்துறதுக்கு வாகான நிலைமையில நான் குடுக்கல, அதான் உண்மை.

போன் பண்ணினா ஒருங்கிணைப்பாளர் சொன்னது, ‘யாரு ப்ரோ பேரெல்லாம் பார்க்குறாங்க, ஸ்கிப் பண்ணிடுவாங்க, ஆனா டைரக்டர் கோவமா இருக்காரு, பேமென்ட் அப்புறம் பேசலாம்’. ரெண்டும் ஒரே மூச்சுல. எனக்கு பணத்தை விட முதல் வார்த்தைதான் வலிச்சுது. 1998ல மொரீஷியஸ்ல புது ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழ தள்ளி அச்சடிச்சாங்க. அங்க இருக்கிற தமிழர்கள், வீட்டுல க்ரியோல் பேசுறவங்கதான் பெரும்பாலும், விடாம எதிர்த்து அந்த நோட்டையே திரும்ப எடுக்க வச்சாங்க. இடம் மாறினதுக்கே அப்படி. இங்க ஒருத்தரோட பேரே உடைஞ்சு கிடக்கு.

சொந்த செலவுல திருத்தித் தரேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அந்த எஞ்சின் செட்டிங்கை கண்டுபிடிச்சேன். பாமினியைத் தூக்கிட்டு கேட்டமரன்ங்கிற யூனிகோட் ஃபான்ட்டை எடுத்தேன், ஒன்பது வெயிட் இருக்கு, ஓப்பன் லைசன்ஸ், வணிக வேலைக்கு தாராளமா பயன்படுத்தலாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே அதே லைசன்ஸ்தான். ‘சொந்த உபயோகத்துக்கு இலவசம்’னு போட்ட ஃபான்ட்டை காசு வாங்குற வேலைல தொடாதீங்க.

எழுத்து சரியா நின்னுச்சு, ஆனா அசைச்சா திரும்ப உடையுது. டெக்ஸ்ட் அனிமேட்டர்ல எழுத்து எழுத்தா வரச்சொன்னா என் மெஷின்ல கொம்பு தனியா பறந்து வருது, எழுத்து அப்புறம் வருது, கால் கடைசில வருது. டைப்ரைட்டர் மாதிரி செய்யலாம்னு எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு சின்ன ப்ரோக்ராம், போட்டா ‘சேகர்’ங்கிற பேர் ‘ச’, ‘சே’, ‘சேக’, ‘சேகர’, அப்புறம் ‘சேகர்’னு வருது. நமக்கு எழுத்துன்னா ‘சே’ ஒரு எழுத்து, ‘ர்’ ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ரெண்டு. இதுக்கு மூணு வழி கண்டுபிடிச்சேன். ஒண்ணு, எழுத்தா அசைக்காம சொல்லா அசைக்கிறது, இல்லன்னா இடமிருந்து வலமா மாஸ்க்கை (மறைப்பை) விரிச்சு காட்டுறது, இதுதான் ஈஸி, எதுவும் உடையாது. இன்னொண்ணு எக்ஸ்பிரஷன்லயே உயிர்க்குறியும் புள்ளியும் எங்க வந்தாலும் முந்தின எழுத்தோட சேர்த்து ஒண்ணா எண்ணுன்னு எழுதுறது. என் கோலப்புள்ளிக்கு ரெண்டும் ஒத்து வரல, அதனால மூணாவது வழி, பேரை ஷேப்பா, அதாவது எழுத்தா இல்லாம வெறும் வடிவமா மாத்தி கொம்பு, எழுத்து, கால் மூணையும் கையால ஒரே குரூப்புல கட்டி, புள்ளியை மட்டும் தனியா எடுத்து விழ வச்சேன். 64 பேர். ஒரு பேருக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாம ஆச்சு. முன்னாடி கையால டைட்டில் எழுதினவங்க கொம்பையும் எழுத்தையும் ஒரே மூச்சுல எழுதியிருப்பாங்க, அதே வேலையைத்தான் நான் மவுஸ்ல செஞ்சேன்.

அப்படி பிரிக்கிறப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒரு வயசான நடிகையோட பேர் ‘கௌ’வுல ஆரம்பிக்கும். லிஸ்ட்ல யாரோ ‘கெ’ அடிச்சு பக்கத்துல ‘ள’ அடிச்சிருக்காங்க. சும்மா பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா எழுத்து எழுத்தா அசைச்சா ‘கெ’ ஒரு பக்கமும் ‘ள’ ஒரு பக்கமும் போகும். இதே மாதிரி காலுக்குப் பதிலா ‘ர’ அடிச்சது மூணு பேர். உடனே பேரை எல்லாம் பெருசா ஒரே பக்கத்துல அடிச்சு, எனக்கு கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் சொல்லிக்குடுத்த வாத்தியார்கிட்ட கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா விரல் வச்சு படிச்சு ஏழு தப்பு எடுத்தார். அந்த பக்கத்தை அவங்களுக்கு அனுப்பி, சரின்னு எழுத்துல பதில் வாங்கினேன். இப்ப எந்த வேலைக்கும் இந்த பேர் ஷீட்டுக்கு ஓகே வராம ஒரு கீஃப்ரேம் (அசைவுக்கான குறி) கூட வைக்கிறதில்ல. டெலிவரியும் ப்ராஜெக்ட் ஃபைலா இல்ல, ஒவ்வொரு பேரும் பின்னணி இல்லாத தனி வீடியோவா, ஆல்ஃபாவோட. பேர் மாறினா நான்தான் மாத்துவேன், ரெண்டு தடவை இலவசம், அதுக்கு மேல ஒரு பேருக்கு இவ்வளவுன்னு முதல்லயே எழுதிடுறேன்.

கணக்கு சொல்லிடுறேன். 20 நாள் வேலை 43 நாள் ஆச்சு. ஜெனரேட்டர் பெட்ரோல், ஒரு பழைய பேட்டரி எல்லாம் சேர்த்து 5 லட்சத்து 80 ஆயிரம் சாட். தேதி ஒத்து வராம ஒரு கல்யாண வீடியோவை விட்டுட்டேன். பாக்கி 630 டாலர்ல 200ஐ தாமதத்துக்குன்னு பிடிச்சுக்கிட்டு, 430ஐ ஜனவரி கடைசிலதான் அனுப்பினாங்க. பாதிப் பணம் முன்னாடி வாங்கியிருந்தா, ஃபைல் கைமாறினதுக்கு அப்புறம் அவங்க செய்யிற மாத்தத்துக்கு நான் பொறுப்பில்லைன்னு ஒரு வரி எழுதியிருந்தா, அந்த 200ஐ கேட்டு வாங்கியிருக்க முடியும். வெறும் வாட்ஸ்அப் பேச்சை வச்சுக்கிட்டு என்னத்தை கேக்குறது.

மூணாவது எபிசோட்ல இருந்து பேரெல்லாம் சரியா வந்துச்சு. முதல் ரெண்டும் யூட்யூப்ல உடைஞ்ச பேரோடயேதான் இருக்கு, அங்க ஒரு வீடியோவை அதே லிங்க்ல மாத்தி ஏத்த முடியாது, எடுத்துட்டா வியூஸ் எல்லாம் போயிடும்னு விட்டுட்டாங்க. அந்த ‘கௌ’ அம்மாவோட நம்பரைக் கேட்டு வாங்கி, மன்னிச்சுக்கோங்கம்மான்னு வாய்ஸ் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. ‘முதல்ல வந்ததை நான் யாருக்கும் காட்டல தம்பி, மூணாவதுலதான் என் பேத்தியை எழுத்துக் கூட்டி படிக்கச் சொன்னேன், படிச்சிட்டா’ன்னு சொல்லியிருந்தாங்க.